தலைப் படர்தாமரையும் உள்மருந்தும்



காலை வேளை. பாடசாலைக்குப் புறப்படும் ஆறு வயதுச் சிறுமிக்குத் தாய் தலைவாரிக்கொண்டிருக்கிறாள். சீப்புப் பட்ட ஓரிடத்தில் சாம்பல் நிறச் செதில்கள் உதிர்கின்றன. விலக்கிப் பார்த்தால், ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தில் மயிர் முறிந்து குட்டையாய் நிற்கிறது. "இது பொடுகு, தேசிக்காய்ச் சாறு தேய்த்து முழுகவார்" என்கிறாள் அயல்வீட்டு மாமி. "இல்லை, இது புழுவெட்டு, சின்ன வெங்காயத்தை அரைத்துப் பூசு" என்கிறார் அம்மம்மா. கடையிலே களிம்பு ஒன்றும் வாங்கப்படுகிறது. ஒரு மாதம் கழிகிறது. இரண்டு மாதம் கழிகிறது. குற்றியளவாயிருந்த இடம் உள்ளங்கையளவாகிறது. வகுப்பிலே பக்கத்துப் பிள்ளை சற்றே விலகி உட்காருகிறது. சிறுமியோ பாடசாலைக்குப் போக மறுத்து அழுகிறாள்.

இத்தகைய காட்சி எந்த ஊரிலும் நிகழக்கூடியது. மாமியும் அம்மம்மாவும் அன்பினாலேயே சொன்னார்கள். தாயும் அன்பினாலேயே செய்தாள். ஆனால் அன்பு மட்டும் போதாத இடங்கள் சில உள. நோயின் பெயர் தவறினால் மருந்தும் தவறிவிடும். மருந்து சரியாயிருந்தாலும் அது செல்லும் வழி தவறினால் பயன் கிட்டாது. இந்தச் சிறுமிக்கு வந்திருப்பது தலைப் படர்தாமரை. அது வெளிப்பூச்சினால் மாறும் நோயன்று. வாயினால் உட்கொள்ளும் மருந்தினாலேயே மாறும் நோய். அது ஏன் என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் நோயின் இயல்பைக் காண்போம். படர்தாமரை உடலின் எப்பகுதியிலும் வரக்கூடும். வட்டமாய்ப் படர்வதால் நம் முன்னோர் அதற்குத் தாமரையின் பெயரை இட்டனர். ஆங்கிலேயர் அதை ஒரு புழுவின் வேலை என்று எண்ணி, வளையப்புழு என்று பொருள்படும் பெயரை இட்டனர். உண்மையில் அங்கே புழு எதுவுமில்லை. மழைக்காலத்திலே பழைய தோற்செருப்பிலும் பாண் துண்டிலும் படிகின்ற பூஞ்சணத்தின் இனத்தைச் சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரே இந்நோய்க்குக் காரணம். 1841ஆம் ஆண்டு தொடக்கம் பாரிஸ் நகரில் டேவிட் குரூபி என்ற வைத்தியர், நோயுற்ற சிறுவரின் தலைமயிரை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்து இந்த உண்மையை வெளியிட்டார். மனிதருக்கு வரும் நோயொன்று நுண்ணுயிரால் உண்டாகின்றது என்று நிறுவப்பட்ட மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. லூயி பாஸ்டரின் பெயர் உலகறியுமுன்னரே இது நிகழ்ந்துவிட்டது.

இப்பூஞ்சணங்களுள் இரு குடும்பங்களே தலையைப் பற்றுவன. ஒன்று மைக்ரோஸ்போரம்; மற்றையது ட்ரைக்கோபைற்றன். மைக்ரோஸ்போரத்தின் ஒரு வகை, பூனைக்குட்டிகளிடமிருந்தும் நாய்க்குட்டிகளிடமிருந்தும் பிள்ளைகளுக்குத் தொற்றுவது. ட்ரைக்கோபைற்றன் வகைகள் பல, பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கும், பொதுவாய்ப் புழங்கும் சீப்பு, தொப்பி, தலையணை, துவாய் என்பவற்றின் வழியாகவும் பரவுவன. பருவமடையாத பிள்ளைகளையே இந்நோய் பெரும்பாலும் பற்றுகிறது. பருவமடைந்தபின் தலைத்தோலிற் சுரக்கும் எண்ணெயிலுள்ள சில கொழுப்பமிலங்கள் பூஞ்சணத்தைத் தடுப்பதாகக் கருதப்படுகிறது.

இனி, மயக்கம் தரும் மூன்று நோய்களையும் பிரித்தறியும் வகையைச் சொல்வேன். புழுவெட்டு என நாம் வழங்குவதில், மயிர் உதிர்ந்த இடம் வழவழப்பாய், பளபளப்பாய் இருக்கும்; செதில் இராது. அது தொற்றுநோயுமன்று, பூஞ்சணத்தால் வருவதுமன்று. பொடுகிலோ செதில் தலை முழுவதும் பரவியிருக்கும். மயிர் முறிந்து வட்டமாய் வெளிப்பது வழக்கமில்லை. தலைப் படர்தாமரையிலே செதிலும் இருக்கும், மயிரும் முறிந்திருக்கும். சிலபோது மயிர் தோலோடு தோலாக முறிந்து, கரும்புள்ளிகள் இட்டாற்போலத் தோன்றும். கழுத்தின் பின்புறத்திலே நெறி கட்டியிருப்பதும் உண்டு. இவற்றுள் எதைக் கண்டாலும் வீட்டிலே பெயர் சூட்டிக்கொண்டிராமல் வைத்தியரிடம் காட்டுவதே முறை. சிறு பிள்ளையின் தலையில் செதில் நீடித்திருந்தால் அதைப் பொடுகு என்று தள்ளிவிடுதலும் தகாது.

வெளிப்பூச்சு ஏன் பயன்படுவதில்லை? இதை விளங்கிக்கொள்ள மயிரின் அமைப்பை நினைவிற் கொள்ளல் வேண்டும். நாம் காணும் மயிர் தோலுக்கு மேலே நிற்கும் தண்டு மட்டுமே. அதன் வேர் தோலுக்குள்ளே ஆழ்ந்த ஒரு குழியில் இருக்கிறது. பூஞ்சணம் தோலின் மேற்பரப்பில் விழுந்து, அக்குழியின் வழியே கீழிறங்கி, மயிர்த்தண்டைப் பற்றிக்கொள்கிறது. மயிர் கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. அதுவே இப்பூஞ்சணத்தின் உணவு. கறையான் மரத்தை உள்ளிருந்து அரிப்பதுபோல இது மயிரை அரித்து நலிவிக்கிறது. மரத்தின் மேற்பட்டையிலே சாயம் பூசினால் உள்ளிருக்கும் கறையான் சாகுமா? அதுபோலவே, தோலின் மேற் பூசும் களிம்பு மயிர்க்குழியின் அடிவரை போதிய அளவிற் சென்று சேர்வதில்லை. உடலிலே, மயிரடர்த்தி இல்லாத தோலில் வரும் படர்தாமரைக்குக் களிம்பு நன்கு பயன்படும். தலைக்கு அது போதாது. மொட்டையடித்தாலும் தோலுக்கு மேலுள்ள பகுதிதான் போகும். குழிக்குள்ளே நோய் இருந்துகொண்டேயிருக்கும்.

இந்த உண்மையைப் பழைய வைத்தியரும் அறிந்தேயிருந்தனர். மயிர்க்குள் நோய் இருக்கிறதாயின் மயிரை வேரோடு களைவதே வழி என்று அவர்கள் எண்ணினர். அதனால் பிள்ளைகள் பட்ட துன்பம் மிகப் பெரிது. மேலைநாடுகளிலே பிசின் போன்ற பசையைத் தலையிலே பூசி, அது உலர்ந்ததும் மயிரோடு பறித்தெடுத்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தாலியம் என்னும் உலோகத்தின் உப்பை வாயினாற் கொடுத்து மயிரை உதிர்வித்தனர். அது பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்தன்று; பிள்ளையின் உடலையே நலிவித்து மயிரை உதிர்க்கும் நஞ்சு. மயிரை உதிர்க்கும் அளவுக்கும் உயிரைப் போக்கும் அளவுக்கும் இடையே இருந்த தூரம் மிகச் சிறிது. அந்தத் தவற்றினாற் பிள்ளைகள் பலர் உயிரிழந்தனர்.

வேறொரு வழியும் இருந்தது. பாரிஸ் நகரிலே ரேமோன் சபுரோ என்ற தோல்நோய் வைத்தியர், 1904ஆம் ஆண்டளவில், எக்ஸ்-கதிரைத் தலையிற் செலுத்தி மயிரை உதிர்விக்கும் முறையைச் செப்பமாக அமைத்தார். கதிர்பட்ட மூன்று கிழமையளவில் மயிர் வேரோடு உதிர்ந்துவிடும். பின்னர் நல்ல மயிர் முளைக்கும். ஆண்டுக்கணக்கில் நீடித்த நோய் சில மாதங்களில் நீங்கியது. அக்காலத்தில் அது பெரும் வெற்றியாகவே தோன்றியது. தலைப் படர்தாமரைக்காக எக்ஸ்-கதிர் செலுத்தப்பட்ட பிள்ளைகள் உலகெங்கும் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது. இஸ்ரேலில் 1948ஆம் ஆண்டுக்குப் பின்னர், வட ஆபிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பல்லாயிரவர் இச்சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டனர்.

அதன் விலை பின்னரே தெரியவந்தது. அப்பிள்ளைகளில் ஏறத்தாழ 11,000 பேரைப் பற்றிப் பரூக் மோடான் என்னும் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து, 1974ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டனர். கதிர்பட்டவர்களிடையே மூளைக் கட்டிகளும் தைரொயிட்டுப் புற்றுநோயும் ஏனையோரைவிட அதிகமாய்த் தோன்றியமை கண்டறியப்பட்டது. 1994ஆம் ஆண்டில் அந்நாட்டிலே, பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்குவதற்கெனச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. உயிரைக் கொல்லாத ஒரு நோய்க்காக, வாழ்நாள் முழுவதும் நிழல்போற் பின்தொடரும் ஆபத்தைப் பிள்ளைகள் சுமக்க நேர்ந்தது. செய்தவர்கள் கொடியவர்களல்லர், தம் காலத்து அறிவின்படி நன்மையே செய்ய எண்ணினர். நோயுற்ற மயிர்வேருக்குத் தீங்கில்லாத மருந்தைக் கொண்டுசெல்லும் வழி ஒன்று அவர்கள் கையில் இல்லை என்பதே உண்மை.

அந்த வழி கிடைத்த கதை சுவையானது. 1939ஆம் ஆண்டு இலண்டனிலே ஒக்ஸ்போட், ரேஸ்றிக், சிமோனாட் என்னும் மூவர், பெனிசிலியம் இனத்துப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதற்குக் கிறிசியோபல்வின் எனப் பெயரிட்டனர். அது என்ன பயன் தரும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. சில ஆண்டுகளின் பின், இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள வேர்ஹாம் என்னும் தரிசு நிலத்திலே ஊசியிலை மரங்கள் ஏன் செழித்து வளர்வதில்லை என்று பிரையன் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்தனர். அந்த ஆராய்ச்சியின்போது, ஏனைய பூஞ்சணங்களின் இழைகளைச் சுருண்டுபோகச் செய்யும் ஒரு பொருளை 1946ஆம் ஆண்டிற் கண்டனர். அதைச் சுருட்டும் காரணி என அழைத்தனர். மறு ஆண்டிலே, அதுவும் பழைய கிறிசியோபல்வினும் ஒன்றே என்பது தெளிவாயிற்று. அப்பொழுதும் அது பயிர்களின் நோய்க்கு மருந்தாகுமா என்றே ஆராயப்பட்டது.

1958ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து ஜென்ரில்ஸ் என்னும் ஆய்வாளர், படர்தாமரை பற்றிய கினிப்பன்றிகளுக்கு இம்மருந்தை வாயினாற் கொடுத்துப் பார்த்தார். நோய் நீங்கியது. அதே ஆண்டின் முடிவுக்குள் மனிதருக்கும் அது கொடுக்கப்பட்டு நற்பயன் அறிவிக்கப்பட்டது. பிள்ளையின் தலையிலே கதிரும் வேண்டாம், நஞ்சும் வேண்டாம், மயிரைப் பறிக்கவும் வேண்டாம் என்ற நிலை அன்று பிறந்தது. ஒரு பூஞ்சணம் தந்த பொருளே மற்றொரு பூஞ்சணத்தை அடக்கியது. முள்ளை முள்ளால் எடுப்பது என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேறுண்டோ?

வாயில் இட்ட குளிசை தலைமயிருக்கு எவ்வாறு செல்கிறது? அது குடலிலே உறிஞ்சப்பட்டுக் குருதியிற் கலக்கிறது. குருதி மயிரின் வேரை அடைகிறது. அங்கே புதிதாய்த் தோன்றும் கலங்கள் கெரற்றினாக மாறும்போது மருந்தும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. அவ்வாறு மருந்தேறிய மயிரிலே பூஞ்சணத்தின் கலங்கள் பிரிந்து பெருக முடிவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முன்னரே நோயுற்றிருந்த மயிரைக் கிறிசியோபல்வின் தூய்மைப்படுத்திவிடுவதில்லை. அங்கிருக்கும் பூஞ்சணத்தை முற்றாகக் கொல்வதுமில்லை. புதிய மயிரைக் காத்து நிற்கிறது, அவ்வளவே. அந்தப் புதிய மயிர் வளர்ந்து, பழைய நோயுற்ற பகுதியை மேலே தள்ளி வெளியேற்றவேண்டும். தலைமயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும். ஆகவேதான் இச்சிகிச்சை ஒரு கிழமையில் முடியாமல் ஆறு, எட்டு, சிலபோது பன்னிரண்டு கிழமைகள்வரை நீள்கிறது.

பெற்றோர் இடறி விழும் இடம் இதுவே. மூன்றாம் கிழமையிலே செதில் குறைகிறது, அரிப்பு நிற்கிறது. "பிள்ளைக்குச் சுகம், இனி ஏன் மருந்து?" என்று நிறுத்திவிடுகின்றனர். நோயோ மயிரின் பழைய பகுதியில் இன்னமும் தங்கியிருக்கிறது. காவல் நீங்கியதும் அது மீண்டும் கீழிறங்குகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் சுகத்தை நம்பி மருந்தை நிறுத்தலாகாது. மயிரையும் செதிலையும் மீண்டும் சோதித்து, பூஞ்சணம் இல்லை என்று வைத்தியர் கூறும்போதே நிறுத்தல் வேண்டும்.

இன்று கிறிசியோபல்வின் மட்டுமன்றி வேறு மருந்துகளும் உள. 1990களின் தொடக்கத்திலிருந்து பயன்பட்டுவரும் டெர்பினபின் அவற்றுள் முதன்மையானது. ட்ரைக்கோபைற்றன் வகையால் வந்த நோய்க்கு அது மிக ஏற்றது. ஏறத்தாழ நான்கு கிழமைகளில் சிகிச்சை முடிவதும் உண்டு. பூனையிடமிருந்தும் நாயிடமிருந்தும் வரும் மைக்ரோஸ்போரத்துக்கோ கிறிசியோபல்வினே பெரும்பாலும் சிறந்தது. இவையன்றி இற்றக்கொனசோல், புளூக்கொனசோல் என்பனவும் தேவைக்கேற்பக் கொடுக்கப்படுகின்றன. ஒரு பிள்ளைக்குப் பலித்த மருந்து மற்றப் பிள்ளைக்கும் பலிக்கும் என்று எண்ணி, அயல்வீட்டுக் குளிசையை வாங்கிக் கொடுத்தல் ஏன் தவறு என்பது இப்பொழுது விளங்கும்.

எந்தப் பூஞ்சணம் என்பதை வைத்தியர் எவ்வாறு அறிவார்? செதிலையும் முறிந்த மயிரையும் சுரண்டியெடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பர். பின் அதை ஒரு வளர்ப்பூடகத்தில் இட்டு வளரவிடுவர். அந்த ஊடகம், முன்னர் நாம் கண்ட சபுரோவின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது; அவருடைய கதிர்முறை மறைந்தது, வளர்ப்பூடகம் நிலைத்தது. அதன் முடிவு தெரியச் சில கிழமைகள் செல்லும். நோய்க்குறிகள் தெளிவாயிருந்தால் அதுவரை காத்திராது மருந்தைத் தொடங்கிவிடுவர். ஊதாக்கடந்த ஒளிவீசும் விளக்கொன்றை இருட்டறையிலே தலையிற் பிடித்துப் பார்ப்பதும் உண்டு. மைக்ரோஸ்போரம் பற்றிய மயிர் பச்சையாய் ஒளிரும். ட்ரைக்கோபைற்றனோ பெரும்பாலும் ஒளிர்வதில்லை. ஆகவே ஒளி தோன்றாமையால் நோய் இல்லை என்று துணிதல் கூடாது.

மருந்து கொடுக்கும் முறைபற்றிச் சில சொல்வேன். அளவு வயதைப் பொறுத்ததன்று, பிள்ளையின் எடையைப் பொறுத்தது. கிறிசியோபல்வின் நாளொன்றுக்கு, உடலெடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 15 முதல் 25 மில்லிகிராம் வரை கொடுக்கப்படுவது வழக்கம். துல்லியமான அளவை வைத்தியரே நிறுத்துக் கூறுவார். இம்மருந்து கொழுப்போடு சேர்ந்தால் நன்கு உறிஞ்சப்படும். வெறுவயிற்றிற் கொடுத்தால் பெரும்பகுதி வீணாய்ப் போகும். ஆகையால் பால், முட்டை, தேங்காய்ப்பாற் சொதியோடு கூடிய சோறு போன்ற உணவின் உடனே கொடுத்தல் நன்று. குளிசையை விழுங்க இயலாத பிள்ளைக்குப் பொடித்துக் கொடுக்கலாமா என்பதை மருந்தாளரிடம் கேட்டறியுங்கள். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரட்டிப்பாய்க் கொடுக்காதீர்கள்.

"இவ்வளவு நாள் உள்மருந்து கொடுத்தால் ஈரல் கெடாதோ?" என்று தாய்மார் அஞ்சுவது இயல்பே. கேட்கவேண்டிய கேள்விதான். பெரும்பாலான பிள்ளைகள் இம்மருந்துகளைத் தீங்கின்றித் தாங்கிக்கொள்கின்றனர். தலையிடி, வயிற்றுக்குழப்பம், வெயிலிலே தோல் எளிதிற் சிவத்தல் என்பன கிறிசியோபல்வினால் வரக்கூடியவை. டெர்பினபினால் சிலபோது நாவின் சுவை மாறக்கூடும். ஈரலுக்குக் கேடு வருதல் அரிது. ஆயினும் இல்லையென்று சொல்வதற்கில்லை. பிள்ளைக்கு முன்னரே ஈரல் நோய் இருந்தாலோ, வலிப்புக்கு மருந்து எடுத்துவந்தாலோ அதை வைத்தியரிடம் தவறாது சொல்லுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபாபிற்றோன் போன்ற மருந்துகள் கிறிசியோபல்வினின் வலிமையைக் குறைத்துவிடும். மருந்து எடுக்குங்காலத்திலே கண் மஞ்சளித்தல், சிறுநீர் கறுத்தல், உணவில் வெறுப்பு, தோலெங்கும் கொப்புளம் என்பன தோன்றினால் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் அறிதல் நல்லது. சிகிச்சை தொடங்கிய சில நாள்களில், காதோரத்திலும் கழுத்திலும் கைகளிலும் சிறு பருக்கள் தோன்றி அரிக்கலாம். பூஞ்சணத்துக்கு எதிராக உடல் காட்டும் எழுச்சி அது. பெரும்பாலும் மருந்தின் ஒவ்வாமை அன்று. அதை மருந்தின் கேடென்று கருதிப் பெற்றோர் தாமாகவே சிகிச்சையைக் கைவிடுவதுண்டு. எது எது என்று பிரித்தறிவது வைத்தியரின் பணி. அவரிடம் காட்டிக் கேளுங்கள்.

சில பிள்ளைகளுக்கு நோய் முற்றி, தலையிலே மெத்தென வீங்கி, சீழ் கசியும் கட்டியாய் எழும். காய்ச்சலும் உண்டாகும். சீழ்க்கட்டு என்று எண்ணி அதைக் கீறிவிடுதல் தவறு. அது பூஞ்சணத்தால் எழுந்த அழற்சி. கத்தியால் அன்று, உள்மருந்தாலேயே தணியும். காலந் தாழ்த்தினால் மயிர்க்குழிகள் அழிந்து தழும்பாகிவிடும். பின் அவ்விடத்தில் மயிர் என்றும் முளைக்காது. அவ்வாறு தழும்பாகாதவரை, உதிர்ந்த மயிர் மீண்டும் முளைக்கும் என்று பிள்ளைக்கு நம்பிக்கை கூறலாம்.

உள்மருந்தோடு வெளித்தூய்மையும் வேண்டும். செலனியம் சல்பைட்டு அல்லது கீற்றோக்கொனசோல் கலந்த சம்பூவினால் கிழமையில் இரண்டு மூன்று முறை தலையைக் கழுவினால், தலையிலிருந்து உதிர்ந்து பிறருக்குத் தொற்றும் வித்திகள் குறையும். அது நோயை மாற்றாது, பரவுதலைக் குறைக்கும். சீப்பு, துவாய், தொப்பி, தலையணையுறை என்பவற்றைப் பிள்ளைக்குத் தனியாக வைத்துக் கழுவுங்கள். வீட்டிலுள்ள ஏனைய பிள்ளைகளின் தலையையும் ஒருமுறை பாருங்கள். பூனைக்குட்டியின் உடலில் மயிர் உதிர்ந்த இடம் உண்டாவெனக் கவனித்து, இருந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். கடைகளில் விற்கும் கலவைக் களிம்புகள் சிலவற்றிலே ஸ்ரீரொயிட்டு மருந்து உண்டு. அவை அரிப்பை அடக்கி நோயின் முகத்தை மறைக்குமேயன்றி நோயை நீக்கா.

இனி, தொடக்கத்தில் நாம் கண்ட சிறுமியிடம் திரும்புவோம். மருந்து தொடங்கிவிட்டால் அவளைப் பாடசாலையிலிருந்து மறிக்கவேண்டிய தேவை பொதுவாக இல்லை. அவளுடைய தலையை மொட்டையடிக்கவும் வேண்டியதில்லை. ஆசிரியர்கள் இதை உணர்ந்து, அவளைத் தனியே இருத்தாது மற்றப் பிள்ளைகளோடு இருத்துவார்களாயின் பாதி நோய் நீங்கியவாறாகும். இது அழுக்கினால் வந்த நோயுமன்று, எவருடைய குற்றத்தால் வந்ததுமன்று. தோழியின் சீப்பிலோ பூனைக்குட்டியின் உடலிலோ இருந்து வந்த ஒரு நுண்ணுயிரின் வேலையே அது.

ஒரு காலத்திலே இந்நோய்க்காகப் பிள்ளைகள் நஞ்சுண்டனர். கதிர்பட்டு, பிற்காலத்திலே அதன் விலையைச் செலுத்தினர். இன்று ஒரு குளிசையும், கொழுப்புள்ள ஒரு வேளை உணவும், சில கிழமைப் பொறுமையும் போதும். குளிசையை வைத்தியர் தருவார். உணவை அடுக்களை தரும். இடையில் நிறுத்திவிடாத பொறுமையைப் பெற்றோரே தரவேண்டும். அதைத் தந்தால், சில மாதங்களின் பின் ஒரு காலை வேளையிலே, அந்தச் சிறுமி கண்ணாடி முன் நின்று தன் தலையைத் தானே வாரிக்கொண்டு பாடசாலைக்குப் புறப்படுவாள்.